மகள் பூஞ்சையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 61. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் இரவில் அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரை. என் மகள் மூலக்கூறு உயிரியலில் முதுகலை முடித்திருக்கிறாள். மூன்று ஆய்வகங்களில் பிஎச்.டி. இடம் கிடைத்தது. ஒன்று இதயத் தசை, இன்னொன்று ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா, மூன்றாவது நெல்லுக்குக் குலை நோய் தரும் பூஞ்சை. அவள் பூஞ்சைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். ஐ.சி.யூ. வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்த பிள்ளை இதயத்தைப் பற்றித்தான் ஆராய்வாள் என்று நம்பியிருந்தேன். உயிர் காக்கும் இரண்டு துறைகளை விட்டுவிட்டுப் பயிரில் பிடிக்கும் பூசணத்தைப் பார்க்கப் போகிறாளே என்று மனம் ஆறவில்லை. மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா? பின்குறிப்பு: படர்தாமரைக்காக இரண்டு வாரமாக இட்ராகோனசோல் சாப்பிடுகிறேன். அட்டையில் பூஞ்சைக்கான மருந்து என்று இருக்கிறது. என் மகள் படிக்கப்போவதும் இதைத்தானா?

பதில்:

ஐயா,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மகளின் படிப்பைப் பற்றி நிதானமாகப் பேசலாம். இதற்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன் உங்கள் இதய மருத்துவரை அழைத்து, அட்டோர்வாஸ்டேட்டினோடு இட்ராகோனசோலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள். நான் மருத்துவர் அல்ல. பயிர்ப் பூஞ்சைகளின் மரபணுக்களோடு இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் ஆராய்ச்சியாளர். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இந்த இரண்டு மாத்திரைகளும் உடம்புக்குள் எங்கே மோதிக்கொள்கின்றன என்பது என் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அதனால் காரணத்தைச் சொல்ல முடியும்.

அட்டோர்வாஸ்டேட்டினை நம் கல்லீரலும் குடலும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதியால் உடைத்து வெளியேற்றுகின்றன. இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். நீங்கள் போடுவது அதே மாத்திரைதான். ரத்தத்தில் நிற்கும் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அளவு மிஞ்சினால் தசை நார்கள் சிதையலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தொடையிலோ தோளிலோ காரணமில்லாத வலி, எழுந்து நடக்கவே அசதி, சிறுநீர் பழுப்பாகப் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் வாங்கிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் வலுவையே குறைக்கக்கூடியது இட்ராகோனசோல். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நகப் பூஞ்சை போன்ற தொற்றுகளுக்காக அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு உங்கள் இதயத்தின் வலு எவ்வளவு மீண்டிருக்கிறது என்பது உங்கள் மருத்துவருக்குத்தான் தெரியும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளும் அதே நொதியில் கைவைப்பவை. இனி எந்த மருத்துவரிடம் போனாலும், தோலுக்காகவோ பல்லுக்காகவோ போனாலும், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

அழைத்துவிட்டீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன்.

பூஞ்சையைக் கொல்லச் செய்த மருந்து மனிதக் கல்லீரலில் ஏன் கைவைக்க வேண்டும்? உங்கள் கடிதம் முழுவதற்கும் பதில் இந்தக் கேள்விக்குள் இருப்பதாக நினைக்கிறேன். பாக்டீரியா நமக்கு வெகு தூரத்து உயிர். அதன் செல்லில் உட்கரு கிடையாது. அதன் செல்சுவரும் புரத ஆலையும் நம்முடையவை போல இல்லை. அதனால்தான் நம்மைத் தொடாமல் அதைமட்டும் தாக்குகிற ஆன்டிபயாடிக்குகள் பல வகைகளில் கிடைத்தன. பூஞ்சை அப்படியல்ல. அதற்கும் உட்கரு உண்டு, செடியைவிட விலங்குக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். அதைக் குறிவைத்து எறியும் கல் பல சமயம் நம் மேலும் விழுகிறது. உடலுக்குள் பரவிய பூஞ்சைத் தொற்றுக்கு இன்று மருத்துவர் கையில் இருக்கும் மருந்து வகைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். காரணம் இந்தச் சொந்தம்தான்.

சொந்தத்தின் மிகத் தெளிவான அடையாளம் கொலஸ்ட்ரால். நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் உருவாகின்றன. கடைசிக் கட்டத்தில்தான் பிரிகின்றன. முப்பது படிகள் அளவுக்கு நீளும் அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு மதகு போன்ற நொதி இருக்கிறது. உங்கள் அட்டோர்வாஸ்டேட்டின் அடைப்பது அதைத்தான். நடுவழியில் இன்னொரு நொதியை அடைப்பது படர்தாமரைக்குக் கொடுக்கும் டெர்பினாஃபின். அதற்கும் கீழே, சி.ஒய்.பி.51 என்ற நொதியை அடைப்பவை இட்ராகோனசோல் முதலான அசோல் மருந்துகள். அந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கும். அசோலில் உள்ள நைட்ரஜன் அந்த இரும்பைப் பற்றிக்கொள்ளும். உங்கள் கல்லீரலின் சி.ஒய்.பி.3ஏ4 நொதியும் அதே குடும்பம். அதன் நடுவிலும் அதே இரும்பு. மருந்துக்கு ஆள் வித்தியாசம் முழுதாகத் தெரிவதில்லை.

இதயத்துக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று என்று நீங்கள் விழுங்கும் இரண்டு மாத்திரைகளும் ஒரே பாதையின் இரண்டு இடங்களில் வேலை செய்பவை. மனித உடலிலும் பூஞ்சையிலும் இருக்கும் பாதை அது. இதை ஒப்புக்காகச் சொல்லவில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் என்ற மருந்து வகையே, உங்கள் அட்டோர்வாஸ்டேட்டினும் அதில் ஒன்று, இந்தச் சொந்தத்தை நம்பித் தேடப்பட்டது.

ஜப்பானில் அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். விவசாயக் குடும்பத்தில் 1933ல் பிறந்தவர், 2024ல் மறைந்தார். ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்த அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, பழச்சாற்றைத் தெளியவைக்கும் நொதியைப் பூஞ்சைகளில் தேடுவது. திராட்சையைத் தாக்கும் ஒரு நோய்ப் பூஞ்சையில் அதைக் கண்டுபிடித்தார். பிறகு நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தபோது, கொலஸ்ட்ரால் அடைப்பால் அங்கே எத்தனை பேர் மாரடைப்பில் விழுகிறார்கள் என்று பார்த்தார். நாடு திரும்பியவருக்கு ஒரு யோசனை. கொலஸ்ட்ரால், எர்கோஸ்டிரால் போன்றவற்றுக்குப் பொதுப்பெயர் ஸ்டிரால். ஸ்டிராலை நம்பி வாழும் எதிரியை வீழ்த்த வேண்டுமானால், அந்த எதிரியின் ஸ்டிரால் பாதையை அடைக்கிற பொருளைச் சில பூஞ்சைகளாவது சுரக்குமே! அப்படி ஒன்று அகப்பட்டால் மனித உடலின் பாதையையும் அதைக்கொண்டு அடைக்கலாம் அல்லவா? 1971ல் தேடத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்தார்கள். முதலில் அகப்பட்ட பொருள் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற உயிரிலிருந்து வந்தது. ஆனால் அது சிறுநீரகத்துக்கு நஞ்சு. அதை ஒதுக்கிவிட்டுத் தேடலைத் தொடர்ந்தார். 1973ல், அரிசியில் வளர்ந்திருந்த நீலப்பச்சைப் பூசணம் ஒன்றிலிருந்து, பெனிசிலியம் சிட்ரினம் என்று அதற்குப் பெயர், காம்பாக்டின் கிடைத்தது. உலகின் முதல் ஸ்டேட்டின் அது.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே கைவிட்டிருப்பார். கோழிகளில் இறங்கியது, நாய்களிலும் இறங்கியது. ஆனாலும் நச்சுத்தன்மை பற்றிய சந்தேகத்தால் 1980ல் அந்த மருந்தின் வளர்ச்சியை நிறுவனம் நிறுத்திவிட்டது. அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து அமெரிக்காவில் எடுத்த லோவாஸ்டேட்டின்தான் 1987ல் முதலில் விற்பனை அனுமதி பெற்றது. உங்கள் அட்டோர்வாஸ்டேட்டின் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. ஆலையில் வேதிமுறையில் தயாராகிறது. ஆனால் அது அடைக்கும் மதகும் அடைக்கும் விதமும் பூஞ்சை காட்டிக்கொடுத்தவை. மூன்று ஆண்டுகளாக உங்கள் ரத்தக் குழாயைக் காத்துவரும் மருந்தின் வேரில் பயிர்ப் பூசணம் படித்த ஒரு மனிதர் இருக்கிறார். உங்கள் மகளின் முடிவைப் பற்றி யோசிக்கும்போது இதையும் நினைத்துப்பாருங்கள்.

இரண்டாவது துறைக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022ல் வெளியான பெரிய ஆய்வின் மதிப்பீடு. அந்த ஆய்வகமும் முக்கியமானதுதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மருந்துக்கு அடங்காமல் போவது மருத்துவமனைக்குள் மட்டும் நடப்பதில்லை.

அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை காய்ந்த இலையிலும் உரக்குழியிலும் வளரும். அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். உடம்பு அவற்றைச் சமாளித்துவிடும். இதய மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களைப் போல, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்திலேயே வாழ்பவர்களுக்கு அது நுரையீரலில் வேரோடிவிடும். காப்பாற்றக் கையில் இருப்பது அசோல் மருந்து. அசோலுக்கு அடங்காத தொற்றைப் பற்றி நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2007லும் 2008லும் எழுதினார்கள். அதில் அதிர்ச்சி என்னவென்றால், அந்த நோயாளிகளில் பலர் அதற்கு முன் அசோல் மருந்தைத் தொட்டதே இல்லை. மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது சி.ஒய்.பி.51 நொதிக்கான மரபணுவில் ஒரே விதமான மாற்றம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அந்தப் புரதத்தின் 98வது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருந்தது. மரபணுவை இயக்கும் பகுதியில் 34 எழுத்துகள் இரட்டித்திருந்தன. அதே மாற்றம் மண்ணிலும் உரக்குவியலிலும் இருந்த பூஞ்சைகளிலும் கிடைத்தது. பயிர் நோய்க்காக வயலில் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளிலும் அசோல் வகை உண்டு. வயலில் அதற்குப் பழகிய பூஞ்சை காற்றில் பறந்துவந்து நோயாளியின் நுரையீரலில் இறங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் முதன்முறையாக வெளியிட்ட அபாயப் பூஞ்சைகளின் பட்டியலில் முதல் வரிசையில் உள்ள நான்கில் இதுவும் ஒன்று.

இதில் எனக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. அசோலுக்கு அடங்காத தொற்றுகளுக்காக ஓலோரோஃபிம் என்ற புதிய மருந்தை உருவாக்கிவருகிறார்கள். முற்றிலும் வேறொரு நொதியைத் தாக்கும் மருந்து, பல ஆண்டு உழைப்பு. அதே நொதியைத் தாக்கும் இப்ஃப்ளூஃபெனோகுவின் என்ற பூஞ்சைக்கொல்லி, அந்த மருந்து நோயாளிகளிடம் பரவலாகச் சேருவதற்கு முன்பே வயலுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்குப் பழகிய அஸ்பெர்ஜில்லஸ் மற்றதற்கும் அடங்குவதில்லை என்று ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள். வயலுக்கு ஒரு மருந்தை அனுமதிக்கும் மேசையில் மருத்துவமனையின் குரலும் ஒலிக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து பேச, இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு. செடி நோய்ப் பூஞ்சையை மூலக்கூறு அளவில் படித்தவர்கள் அந்த இடத்துக்குத் தேவை.

இதுவரை எழுதியதைப் படித்தால், இதயத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும் என்பதால்தான் பூஞ்சைக்கு மதிப்பு என்பதுபோலத் தோன்றக்கூடும். அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது உங்கள் மகளுக்குச் செய்யும் அநியாயம். குலை நோய்ப் பூஞ்சை அதன் அளவிலேயே ஒரு வாழ்நாள் படிப்பு.

அதன் வித்து நெல் இலையில் விழுந்ததும் நுனியில் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் குழாய்போல முளைத்து, நுனியில் குமிழ்போன்ற ஓர் உறுப்பை உண்டாக்கும். குமிழின் சுவரில் மெலனின் என்ற கரு நிறமியின் பூச்சு, உள்ளே கிளிசரால். தண்ணீர் உள்ளே இழுபட்டு அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல் நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் நுண்ணிய ஊசி ஒன்று இலையின் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. முதன்முதலில் நுண்ணோக்கியில் அந்தக் குமிழ் கறுப்பதைப் பார்த்த இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. விடியும்வரை மணிக்கொருமுறை படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு புது மாணவர் அதை முதல் முறை பார்க்கும்போது பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

மெலனின் உண்டாவதைத் தடுத்துவிட்டால் குமிழில் அழுத்தம் ஏறாது, நோயும் இல்லை. டிரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லி செய்வது இதுதான். ஆனால் பூஞ்சை சும்மா இருப்பதில்லை. மெலனின் பாதையில் வேறொரு நொதியைத் தாக்கும் கார்ப்ரோபமிட் 1998ல் ஜப்பானில் வந்தது. 2001லேயே அதற்கு அடங்காத பூஞ்சை தோன்றிவிட்டது. அந்த நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியது, அவ்வளவுதான். நோய் தாங்கும் புதிய நெல் ரகங்களையும் அது பல இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே வென்றுவிடுகிறது. நெற்செடி எந்தப் புரதத்தை வைத்து எதிரியை அடையாளம் காண்கிறதோ, அந்தப் புரதத்துக்கான மரபணுவையே பூஞ்சை உதறிவிடும். பாக்டீரியா ஆன்டிபயாடிக்கை ஏமாற்றும் கதையும் இதுவும் ஒரே கணக்குதான். பயிர் நோய்ப் பூஞ்சைகளிலேயே முதலில் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டது இதற்குத்தான், 2005ல். அந்தக் குமிழை உண்டாக்கச் சொல்லும் செய்தியைக் கடத்துவது மேப் கைனேஸ் வகைப் புரதம் ஒன்று. இதயத் தசை சுமை தாங்காமல் தடிக்கும்போது வேலை செய்யும் புரதங்களிலும் அதே குடும்பம் உண்டு.

இனி உங்கள் நேரடிக் கேள்வி. மாற்றச் சொல்லலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அதோடு பொய் நம்பிக்கையும் தர மாட்டேன். எண்டோவைப் பற்றிச் சொன்னேன் என்பதற்காக உங்கள் மகளின் தட்டிலிருந்து நாளை ஓர் இதய மருந்து வரும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான ஆய்வுகள் அப்படி முடிவதில்லை, என்னுடையவை உட்பட. ஐந்து ஆண்டுகளில் ஒரு சிறு கேள்விக்குத் திடமான விடை கிடைத்தால் அது நல்ல பிஎச்.டி. அந்த ஐந்து ஆண்டுகளில் பாதி நாள் எதுவும் சரியாக வராது. அப்போது மறுநாள் காலையில் ஆய்வகத்துக்குப் போகவைப்பது அந்தக் கேள்வியின்மேல் உள்ள ஆசைதான். அப்பாவின் ஆசை அதற்குப் போதாது. இரவல் ஆசையோடு நல்ல மதிப்பெண்ணும் சேர்த்துக்கொண்டு வந்து மூன்றாம் ஆண்டில் முகம் வாடிப்போன மாணவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் வருத்தம்.

பின்னால் மாற வழியுண்டா என்று யோசிப்பீர்கள். உண்டு. மரபணுவை வெட்டி ஒட்டுவது, கிரிஸ்பர், ஆர்.என்.ஏ. தொகுப்பைப் படிப்பது, புரதத்தின் வடிவத்தைக் கணிப்பது, ஒளிரும் புரதத்தை உயிருள்ள செல்லில் துரத்திப் பார்ப்பது எல்லாம் பூஞ்சையிலும் அதே, இதய செல்லிலும் அதே. பூஞ்சையில் கற்றது இன்னும் ஒரு விதத்தில் வசதி: வேகமாக வளரும், ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று சில வாரங்களில் பார்த்துவிடலாம். பிஎச்.டி. முடித்தபின் பூஞ்சையிலிருந்து புற்றுநோய்க்கும் மருந்து ஆய்வுக்கும் போனவர்கள் என்னோடு வேலை செய்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

துறையைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது வழிகாட்டியைப் பற்றி. அந்த ஆய்வகத்தில் படித்து முடித்தவர்கள் இருவரிடமாவது மகள் தனியாகப் பேசியிருக்கிறாளா? முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின, கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது, சோதனை தோற்றால் கைடு எப்படி நடந்துகொள்வார் என்று கேட்டிருக்கிறாளா? இல்லையென்றால் சேருவதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள். அவளே கேட்கட்டும், நீங்கள் போய்ப் பேச வேண்டாம். வித்துகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாளோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குலை நோய்ப் பூஞ்சை மனிதரைத் தாக்குவதில்லை.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நெடுநேரம் நின்றேன். அந்த இரவுகளை மறந்துவிட்டுத்தான் அவள் இந்த முடிவை எடுத்தாள் என்று நினைக்காதீர்கள். ஏன் இது என்று அவளிடம் நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல். ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் இரண்டு மாத்திரைகளும் எந்தப் பாதையில் எந்த இடத்தில் வேலை செய்கின்றன என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவள் வரைந்துவிடுவாள். இட்ராகோனசோல் என்ற பெயரைக் கேட்ட உடனேயே, நான் சொன்னதைப்போல, முதலில் மருத்துவரைக் கூப்பிடச் சொல்வாள்.